தால் ஏரிக்கரையில் என்ன சாப்பிடலாம்?

கேள்வி: பிலிப்பீன்ஸ் தலைநகர் மணிலா போகிறோம். தால் ஏரிக்கரையில் ஒரே குடும்பம் பல வருடமாக நடத்தும் உணவகத்துக்கு நண்பர் கூட்டிப்போகிறார். அந்த ஏரி இருக்கும் பதாங்காஸ் வட்டாரச் சாப்பாட்டில் எதைக் கேட்டு வாங்கலாம்?

பதில்: யோசிக்காமல் சினாயிங் நா துலிங்கான் கேளுங்கள். சின்னச் சூரை மீனைக் கையால் அழுத்தித் தட்டையாக்கி, உப்புத் தடவி, காய்ந்த பிலிம்பி என்ற புளிப்புக்காய் போட்ட மண்சட்டியில் மணிக்கணக்காகச் சிறுதீயில் வேகவைப்பார்கள். சட்டியடியில் நிற்கும் புளிப்புச் சாற்றை விட்டுவிடாதீர்கள். சுடுசோற்றில் ஊற்றிப் பிசைந்தால், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்! அவசரப்படாத அடுப்பு வேண்டிய சமையல் இது. அதனால்தான் பழைய குடும்பக் கடைகளை நம்பிப் போகச் சொல்கிறேன்.

புலாலோ என்பது மாட்டுக்கால் எலும்பை மஜ்ஜையோடு கொதிக்கவைத்த சூப். மாட்டிறைச்சி ஆகாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் தவிலிஸ். விரல் நீளமுள்ள நன்னீர் மத்தி, மொறுமொறுவென்று வறுத்து, காடியில் தொட்டுச் சாப்பிடுவது. கடலோடு சேர்ந்திருந்த இந்த ஏரி, 1754 எரிமலை வெடிப்பில் வழி அடைபட்டு, மெல்ல மெல்ல நன்னீரானது. தவிலிஸ் இங்கே தவிர உலகில் எங்கும் இல்லை. 2019-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. மார்ச், ஏப்ரலில் பிடிக்கத் தடை. அப்போது போனால் தயவுசெய்து கேட்காதீர்கள். மற்ற மாதங்களிலும் மேசைக்கு ஒரு தட்டு போதும்.

கடைசியில் பராகோ காப்பி. லிபெரிகா வகைக் காப்பிக்கொட்டை, நல்ல கடுப்பு. சர்க்கரையைக் குறைத்துக் குடியுங்கள்.