பணியாரக் கடையின் முதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடியில் வீட்டுத் திண்ணையோரம் ஒற்றை அடுப்பில் வெள்ளைப் பணியாரம் சுட்டு விற்ற அம்மா ஒருவர் இன்று ஆள் வைத்துக் கடை நடத்துவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, உழைப்பால் மட்டுமே உயர்ந்தவர் என்று அவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லலாம், 'ஒன்றுமில்லாமல்' என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். அவரிடம் பணம்தான் இல்லை, கைப்பக்குவம் இருந்தது. அவருடைய தாயார், செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களுக்குப் பலகாரம் சுடப் போனவர். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த அந்தக் குடும்பங்களின் செல்வம் 1942இல் ஜப்பானியப் படையெடுப்பிலும் 1960களின் தேசியமயமாக்கலிலும் கரைந்தபின், பெரிய வீட்டு அடுப்படிகளில் பழகிய கைகள் வெளியே பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

அவர் தேர்ந்த பண்டமும் சிறுமுதலுக்கு ஏற்றது. உழக்கு நிறையப் பச்சரிசி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஊறவைத்து, தண்ணீரை அடக்கி வெண்ணெய்போல ஆட்டி, உப்பும் சிறிது பாலும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் சேர்ப்பார். மாவைப் புளிக்க விடக்கூடாது என்பதால் ஆட்டியது அன்றே தீர வேண்டும். ஆகவே தீருமளவுக்கே ஆட்டினார், வீணாவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. (சோடா உப்புப் போட்டு உப்பவைக்கும் கடைகளின் பணியாரத்தை நான் பணியாரக் கணக்கில் சேர்ப்பதில்லை.) காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, மேலெழும்பியதும் திருப்பி, சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றாகவே சுட முடியும் என்பதால் வாங்க வந்தவர்கள் அடுப்பருகே காத்து நிற்பார்கள். அந்தக் கூட்டமே கடைக்கு விளம்பரமாயிற்று.

உழைப்பைத் தின்றது தண்டல் கடன். பத்தாயிரம் என்று எழுதி, ஒன்பதாயிரம் கையில் தந்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். மழையில் அடுப்பு எரியாத நாளுக்கும் நூறு நூறுதான். பிணையில்லாமல் முதல் தவணையாக வங்கிக்கடன் (தொடங்கியபோது 10,000 ரூபாய் வரை) தரும் மத்திய அரசின் திட்டம் சாலையோர வியாபாரிகளுக்கு 2020இல்தான் வந்தது. அவர் அதற்கு முன்பே, சீட்டுப் பிடித்த பணத்தில் தண்டலை அடைத்து மீண்டிருந்தார். அதன் பிறகும் இரண்டாவது வாணலியை உடனே வாங்கிவிடவில்லை. திருப்பும் நேரம் மருமகளுக்குக் கைவந்த பின்னரே வாங்கினார்.