அதிகம் பராமரிக்க நேரமில்லை; எந்த மண்ணிலும் தாங்கி, பல வருடம் நின்று கலர் கலராகப் பூக்கிற செடி எது?

கல்வாழை. யோசிக்காமல் சொல்வேன். ரயில்வே ஸ்டேஷன், பூங்கா என்று எங்கும் பார்த்துப் பழகியதால் நாம் அதை மதிப்பதில்லை.

எங்கள் கொல்லையில் துவைக்கிற கல்லிலிருந்து ஓடும் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கும். அங்கே வைத்த 2 ரோஜா, 1 செம்பருத்தி எல்லாமே வேர் அழுகிச் செத்தன. பக்கத்து வீட்டு அக்கா இஞ்சி மாதிரி முளைவிட்ட 3 கிழங்கு கொடுத்தார். நாலு விரல் ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளி விட்டு நட்டேன். மூன்றே மாதத்தில் பூ! இப்போது அந்த மூலையே மஞ்சளும் சிவப்புமாக நிற்கிறது, சேறும் காணோம். கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் செயற்கைச் சதுப்புப் படுகைகளிலும் கல்வாழையை நடுகிறார்கள். ஒன்று மட்டும்: பிளீச்சிங் பவுடர், ஆசிட் கலந்த தண்ணீரை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கோடையில் இலை ஓரம் கருகினால் பயப்பட வேண்டாம். கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும். நல்ல வெயில் மட்டும் வேண்டும், நிழலில் வெறும் இலைதான் வரும்.

முதல் வருடம் நான் வாடிய பூவை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தேன். புதர் மண்டி, பூ குறைந்துவிட்டது. அக்கா பார்த்துவிட்டு, "பூத்து முடிஞ்ச தண்டு மறுபடி பூக்காதும்மா, அடியோட அறுத்துவிடு" என்றார். அறுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்தடுத்து குருத்து கிளம்பியது. கல்வாழையில் முக்கியமான வேலையே இதுதான். 2, 3 வருடத்துக்கு ஒருமுறை கிழங்கைத் தோண்டிப் பிரித்து நடுங்கள்.

பூவை ஒருநாள் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் இதழ் என்று ரசிப்பது உண்மையில் உருமாறிய மகரந்தத் தாள்கள். நிஜ இதழ்கள் அடியில் ஒல்லியாக ஒட்டிக்கொண்டிருக்கும்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். குண்டு மாதிரி கருப்பாக, கல் போல இருக்கும். சிமெண்ட் தரையில் தோல் தேயும்வரை உரசி, ஒரு நாள் ஊறவைத்து ஊன்றுங்கள். ஆனால் கலப்பின ரகம் என்றால் தாய்ச்செடியின் நிறம் வராது, கிழங்கே வாங்குங்கள்.

இலை சுருண்டு ஒட்டியிருந்தால் உள்ளே புழு இருக்கும். பிரித்து எடுத்துப் போட்டால் போதும், மருந்து தேவையில்லை.