ஐந்தோவனுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவு படித்தேன். செப்டம்பரில் நெதர்லாந்தில் உள்ள ஐந்தோவன் நகருக்கு வருகிறீர்கள், இணையத்தில் இணைந்த வீட்டுச் சாதனங்களின் பாதுகாப்பில் நான்கு வருட பிஎச்.டி. வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்குவது, நம் ஊர் அரிசி கிடைக்குமா, டச்சு தெரிய வேண்டுமா, ஆராய்ச்சிச் சூழல் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அரிசி கிடைக்கும். குளிர் உடுப்பை இங்கே வந்து வாங்குங்கள். சென்னையில் வாங்கும் ஜாக்கெட் இங்கே அடிக்கிற காற்றுக்குத் தாங்காது. வாடகை நிலவரத்தை இங்குள்ள எல்லோருமே சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: அறையை நேரில் பார்க்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்பிப் பார்க்காமல், யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். 2010 ஜனவரியில் நான் வந்து இறங்கியபோது, முன்பணம் கட்டியிருந்த முகவரியில் அப்படி ஓர் அறையே இல்லை. பனியில் இரண்டு பெட்டியோடு தெருவில் நின்ற அந்தச் சாயங்காலத்தை யாரும் அனுபவிக்க வேண்டாம்.

ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டீர்களே, அதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கல்லூரி விடுதியில் பக்கத்து அறை வைஃபையை உடைத்தவன்தான் கெட்டிக்காரன். அந்தப் பழக்கத்தை விமானம் ஏறும்போதே விட்டுவிடுங்கள். இங்கே குற்றவியல் சட்டத்தில் 138ஏபி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்கு டச்சில் என்ன சொல்லோ, அதையே கணினிக்குப் பொருத்தி அந்தக் குற்றத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கதவு திறந்தே கிடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இது ஏன் உங்களுக்கு முக்கியம் என்றால், உங்கள் துறையில் பாதிக் கதவு திறந்துதான் கிடக்கும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் எப்படிப் பிடித்தது? அறுபது சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வைத்துக்கொண்டு, தொழிற்சாலையில் வைத்த சொல்லை மாற்றாத சாதனங்களை வரிசையாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அந்தப் பட்டியல் உங்கள் கையிலும் இருக்கும். யாரோ ஒருவருடைய கேமராவின் உள்நுழைவுப் பக்கம் திரையில் வரும்போது, ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே என்று விரல் அரிக்கும். போடாதீர்கள். ஒரு தடவை என்றாலும் அது நுழைவுதான்.

இதே மிராயை வைத்து டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வை வருவதற்கு முன்பே படித்துவிடுங்கள், 2019-இல் வெளியானது. ஓர் இணையச் சேவை நிறுவனத்தோடு சேர்ந்து, மிராய் தொற்றிய வாடிக்கையாளர்களின் இணைப்பை, வழக்கம்போல உலாவ விடாமல் ஒரு தடுப்புப் பக்கத்துக்குள் நிறுத்தி, இன்னின்னதைச் செய்யுங்கள் என்று அங்கேயே சொல்லிப் பார்த்தார்கள். 14 நாளில் 92 சதவீதம் பேரின் சாதனம் சுத்தமாகிவிட்டது. மின்னஞ்சல் மட்டும் போனவர்களுக்கும், எதுவுமே போகாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. யாருடைய வீட்டுச் சாதனத்துக்குள்ளும் நுழையாமல், அனுமதியோடு செய்த ஆராய்ச்சி இது. எனக்குப் பிடித்த ஆராய்ச்சி இந்த வகைதான்.

பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். முறையாகச் செய்கிறவரை இந்த நாடு கைவிடுவதில்லை. நைமேகன் பல்கலைக்கழகத்தார் 2008-இல் மைஃபேர் கிளாசிக் என்ற கார்டுச் சிப்பை உடைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரயில், பேருந்துக்கு வரவிருந்த ஓவி கார்டிலும், அரசு அலுவலகக் கதவுகளைத் திறக்கும் கார்டுகளிலும் அந்தச் சிப்தான் இருந்தது. அதற்குள் காவலாக இருந்தது ரகசியமாக வைத்திருந்த ஒரு மறையாக்க முறையும், 48 பிட் நீளமே உள்ள சாவியும்தான். அவர்கள் முதலில் அரசிடமும் சிப் செய்த என்எக்ஸ்பியிடமும் சொன்னார்கள். கட்டுரை வெளிவரக் கூடாது என்று நிறுவனம் ஆர்ன்ஹெம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஜூலையில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. குறையுள்ள சிப்பைச் செய்து விற்றதால்தான் நஷ்டம், கட்டுரையால் அல்ல என்று தீர்ப்பில் எழுதினார்கள். 2013-இல் அரசின் இணையப் பாதுகாப்பு மையமே வழிகாட்டி போட்டது: குறையைக் கண்டால் முதலில் உரியவரிடம் சொல், தேவைக்கு மேல் உள்ளே போகாதே, சரிசெய்ய அவகாசம் கொடு. மென்பொருளுக்கு 60 நாள், வன்பொருளுக்கு ஆறு மாதம் என்பது அதில் சொன்ன கணக்கு.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் இருந்த மாணவர் குடியிருப்பில் துணி துவைக்க ஒரு கார்டு. பணம் ஏற்றி மெஷினில் காட்ட வேண்டும். அதற்குள் இருந்ததும் அதே சிப். இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு மலிவு ரீடர் வாங்கி, என் கார்டை நானே படித்தேன். மீதித் தொகை கார்டிலேயே எழுதியிருந்தது. 4 யூரோவை 40 ஆக்கிச் சமையலறையில் எல்லோருக்கும் காட்டினேன். திருப்பி 4 ஆக்கிவிட்டேன், ஒரு சட்டைகூடத் துவைக்கவில்லை. ஆனால் ரீடரையும் நிரலையும் மேசையிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். கூடக் குடியிருந்த ஒருவர், அவரும் நம் நாட்டுக்காரர்தான், தன் கார்டில் ஏற்றிக்கொண்டு ஒரு மாதம் துவைத்திருக்கிறார். கணக்கு இடித்தது. விசாரித்தபோது என் பெயரைச் சொன்னார்.

வேலை போகுமா, குடியிருப்பு அனுமதி போகுமா, அப்பாவிடம் என்ன சொல்வது என்று மூன்று வாரம் தூங்கவில்லை. கடைசியில் என் நெறியாளரே கூட வந்தார். குடியிருப்பு அலுவலகத்தில் இருந்த பெரியவர் கத்தவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: "முதலில் எங்களிடம் ஏன் சொல்லவில்லை?" என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே உட்கார்ந்து, குறை என்ன, எப்படிச் சரிசெய்யலாம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் மீதித் தொகையைக் கார்டிலிருந்து எடுத்துத் தங்கள் கணினிக்கு மாற்றினார்கள். என் மேல் புகார் எதுவும் போகவில்லை. இன்று சாதனங்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். எந்த அறிக்கையையும் தொடங்கும்போது அந்தக் கேள்வி காதில் விழும்.

அதனால், சோதிக்கும் சாதனம் உங்கள் காசில் அல்லது துறையின் காசில் வாங்கியதாக இருக்கட்டும். அதற்கென்று தனி நெட்வொர்க் வையுங்கள், வீட்டு வைஃபையில் கலக்க வேண்டாம். பழைய பொருள் விற்கும் மார்க்ட்பிளாட்ஸ் இணையதளத்தில் பழைய கேமரா மலிவாகக் கிடைக்கும், எல்லா மாணவரும் அங்கேதான் வாங்குகிறார்கள். ஆனால் அதன் நினைவகத்தில் முந்தைய சொந்தக்காரரின் வைஃபை கடவுச்சொல் இருக்கும், சில நேரம் அவர் வீட்டுக் குழந்தையின் படமே இருக்கும். ஆய்வுக்குத் தேவையில்லாததைத் திறக்காமல் அழித்துவிடுங்கள். இணையம் முழுக்க ஸ்கேன் செய்யும் ஆசை வந்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள். டிஐவிடி என்று தன்னார்வலர் அமைப்பு ஒன்று 2019 முதல் இருக்கிறது. ஓட்டையுள்ள கருவிகளைத் தேடி உரியவர்களுக்குத் தகவல் சொல்கிறார்கள், எழுதி வைத்த ஒழுங்குவிதிகளோடு. அங்கே சேர்ந்தால் நல்ல பழக்கம் வரும்.

உங்கள் பிஎச்.டி. இடத்துக்குப் பணம் போடுவது ஒரு நிறுவனம் என்றால், கட்டுரையை வெளியிடுமுன் அவர்கள் எத்தனை நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். எண் போடாமல் இருந்தால் போடச் சொல்லுங்கள். நிறுவனம் பணம் போடாத ஆய்வையே ஒருவர் நிறுத்திவிட முடியும்: ஃபோக்ஸ்வாகன் கேட்டு 2013-இல் லண்டன் நீதிமன்றம் கார்ச் சாவிச் சிப் பற்றிய ஒரு கட்டுரையைத் தடுத்தது. நைமேகன்காரர்களும் பர்மிங்காம்காரரும் எழுதியது. ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு 2015-இல்தான் வெளியிட முடிந்தது. நான்கு வருட ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் போனால் என்ன மிஞ்சும்?

நம்மவர்கள் பலர் நெறியாளர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறார்கள். பிரச்சினை வந்தால் வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள், அங்கே "வாயைத் திறக்காதே, தானாகப் போய்விடும்" என்று பதில் வரும். பத்து வருடம் இருந்தும் கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை டச்சு பேசாதவர்தான் இந்த யோசனையைச் சொல்வார். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆய்வுக்கு ஆங்கிலம் போதும், உண்மைதான். ஆனால் உங்களைப் பற்றி அலுவலகம் எழுதும் கடிதம் டச்சில்தான் வரும்.

எனக்கு வந்த கடிதமும் அப்படித்தான். ஒரு பக்கம் முழுக்க டச்சு, நடுவில் என் பெயர். எடுத்துக்கொண்டு நேராக ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டுக்கு ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் பழக்கமானவர், எண்பதுகளில் அகதியாக வந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். "பிள்ளை, பயப்பிடாதை. இதிலை பொலிஸ் எண்டு ஒரு சொல்லும் இல்லை. வந்து கதைக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கினம்" என்றார். அப்புறம் புட்டு போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது, தான் வந்த புதிதில் படித்த டச்சுப் பாடப்புத்தகத்தை என் பையில் வைத்தார்.

ஓரமெல்லாம் பென்சிலில் தமிழ் அர்த்தம். முதல் பாடம் வீட்டுப் பொருட்கள். ஸ்லோட்டல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "திறப்பு" என்று எழுதியிருந்தார். அவர்கள் ஊரில் சாவிக்கு அதுதான் பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.