வாக்கியப் பொருளைச் சொல்ல மோனாட் எதற்கு?

கேள்வி இதுதான்: ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதுபவர்கள் பேசும் மோனாட்டுக்கு (மதிப்போடு கூடவே வரும் பட்டியல், நிலை போன்றவற்றையும் சேர்த்துக் கையாளும் அமைப்பு) மொழியியலில் என்ன வேலை? சொற்களின் பொருளைச் சார்புகளாக எழுதி இணைக்கும் லாம்டா குறியீடு போதாதா?

‘ஒரு பெண் வந்தாள். அவள் பாடினாள்.’ இந்த இரண்டு வாக்கியங்களிலேயே லாம்டா திணறும். ‘ஒரு’ என்பதை வழக்கமான தர்க்கக் குறியீட்டில் எழுதினால் அதன் ஆட்சி முதல் வாக்கியத்தோடு முடிந்துவிடும். ‘அவள்’ அடைப்புக்குறிக்கு வெளியே அனாதையாக நிற்பாள். 1980களில் மொழிப்பொருள் ஆய்வாளர்கள் ஹான்ஸ் கம்பும் ஐரீன் ஹைமும் இதற்கு வழி கண்டார்கள். ஆனால் அந்த வழியில் போனால் வாக்கியப் பொருள் என்பதையே புதிதாக வரையறுக்க வேண்டும்.

மோனாட்டில் ‘வந்தாள்’, ‘பாடினாள்’ இரண்டும் பழைய சாதாரணச் சார்புகளாகவே இருக்கும். ‘ஒரு பெண்’ மட்டும் வேறு மாதிரி: இதுவரை பேச்சில் வந்தவர்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு இணையைத் தரும். வள்ளியும் கலாவும் மட்டும் இருக்கும் உலகில், வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால் (வள்ளி, [வள்ளி]), (கலா, [கலா]) என்று இரண்டு இணைகள். வந்தது வள்ளி மட்டும் என்றால், கலாவின் இணை பொய்யாகிக் கழிந்துவிடும். அடுத்த வாக்கியத்துக்குப் போய்ச் சேர்வது [வள்ளி]. ‘அவள்’ அதிலிருந்து எடுத்துக்கொள்வாள். இப்படிக் கைமாற்றிவிடும் வேலையைத்தான் மோனாட்டின் இணைப்புச் செயலான பைண்ட் செய்கிறது. வாக்கியங்களை இடம் மாற்றிப் பாருங்கள்: பட்டியல் காலி, ‘அவள்’ யார் என்று தெரியாது.

இதை வெறும் குறியீட்டு வசதி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘என் மாமாக்களில் ஒருவர் இறந்தால் எனக்கு வீடு கிடைக்கும்’ என்பதைக் குறிப்பிட்ட ஒரு மாமாவைப் பற்றியும் சொல்லலாம். ‘ஒவ்வொரு மாமாவும்’ என்று போட்டால் அந்தச் சுதந்திரம் இல்லை. மொழியியலாளர் சைமன் சார்லோ 2014 ஆய்வேட்டில் காட்டியது, அந்தச் சுதந்திரம் பைண்டின் சேர்ப்பு விதியிலிருந்தே (அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விளைவு ஒன்றே என்பது) வருகிறது என்பது. ‘ஒருவர்’ தான் இருக்கும் ‘இறந்தால்’ என்ற உட்கூற்றை விட்டு வெளியேறவே வேண்டாம். முழு உட்கூற்றும் முன்னே நகர்ந்தால் போதும், விளைவு ஒன்றுதான். மொழிக்கென்று தனி விதி எதுவும் சேர்க்காமல் கிடைத்த பலன் இது.

சரி, சிக்கலே இல்லையா? உண்டு. இரண்டு மோனாட்களை நினைத்தபடி ஒட்ட முடியாது. ஒன்றின் மேல் இன்னொன்றை அடுக்கித்தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், எதை எதன் மேல் அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருளும் மாறும். ஹாஸ்கெல் தெரிந்தவரென்றால் லிஸ்ட் மோனாட்டின் மேல் ஸ்டேட்டி (StateT) என்ற டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு மேலே உள்ள உதாரணத்தை எழுதிப் பாருங்கள், சில வரிகள்தான். அப்புறம் ‘எந்தப் பெண்ணும் வரவில்லை’ என்பதைச் சேர்த்து, அதற்குப் பின்வரும் ‘அவள்’ யாரையும் சுட்டாதபடி பட்டியலை எப்படி மூடுவீர்கள் என்று பாருங்கள். அதை பைண்ட் செய்துதராது. எதிர்மறைச் சொல்லின் பொருளுக்குள் நீங்களேதான் எழுத வேண்டும்.