தரம் 1 பிள்ளைக்குப் பாடசாலை நூலகப் புத்தகத்தை இரவல் கொடுக்கலாமா?

உங்கள் மகள் இந்த ஆண்டு தரம் 1 இல் சேர்ந்திருக்கிறாள். பிள்ளைகள் தாமாக வாசிக்கப் பழகிய பிறகு, அதாவது தரம் 3 இலிருந்துதான் நூலகப் புத்தகம் இரவல் தரப்படும் என்று பாடசாலையில் சொன்னார்களாம். அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை என்பதே என் பதில். தரம் 1 இன் முதலாம் தவணையிலேயே, ‘அ’வும் ‘ஆ’வும் கூடப் பிள்ளைக்குச் சரியாகப் பிடிபடாத நாட்களிலேயே, கிழமைக்கு ஒரு புத்தகமாவது அவள் பையில் வீட்டுக்குப் போக வேண்டும். திருகோணமலையில் 18 ஆண்டுகள் ஆரம்பப் பிரிவில் கற்பித்து, அவற்றில் 6 ஆண்டுகள் நூலகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள், இரவல் வாங்குவது பிள்ளை மட்டும்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் போகும் புத்தகத்தை உண்மையில் அந்த வீடே இரவல் வாங்குகிறது. அம்மாவோ, அப்பப்பாவோ, தரம் 6 படிக்கும் அண்ணாவோ அதை வாசித்துக் காட்டுகிறார்கள். தமிழில் இது மற்ற மொழிகளை விடவும் அவசியம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் எழுத்து வரிசையைக் கடந்து சரளமாக வாசிக்கத் தரம் 2 இன் முடிவு வரையாவது ஆகிறது. 247 எழுத்துகள் என்பது சிறு தொகையல்ல. ஆனால் எழுத்தை விடப் பெரிய தடை, நாம் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம். வீட்டில் “அப்பா வந்தவர்” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் “அப்பா வந்தார்” என்பதைச் சந்திக்கிறாள். ஒருமுறை என் வகுப்பில் ஒரு சிறுமி, வ, ர, வி, ல், லை என்று ஒவ்வோர் எழுத்தையும் பிழையில்லாமல் கூட்டி முடித்துவிட்டு, நிமிர்ந்து பார்த்து, “அப்பிடியெண்டா என்ன ரீச்சர்?” என்று கேட்டாள். நாள்தோறும் அவள் வாயில் வரும் “வரேல்லை” தான் அது என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. எழுத்துத் தமிழின் ஓசை முன்பே காதில் ஏறியிருந்தால் அந்தச் சொல் அவளுக்கு அந்நியமாக இருந்திருக்காது. பாடநூல் ஒன்றினால் மட்டும் அந்த ஓசையை ஏற்றிவிட முடியாது. இரவில் பாயில் படுத்திருந்து கதை கேட்கும் பிள்ளைக்கே அது தானாக வருகிறது.

நான் முதலில் கற்பித்த பாடசாலையில் கதைப்புத்தகங்கள் எல்லாம் கண்ணாடி அலுமாரியில் பூட்டியிருந்தன. சிறுபிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்பதே அதற்குச் சொன்ன காரணம். பிள்ளைகள் கிழிக்கவில்லை, கடற்காற்றின் ஈரமும் இராமபாணப் பூச்சியும் அவற்றைத் தின்றன. சீர்காழியில் பிறந்து இந்திய நூலகத்துறைக்கே வழிகாட்டியான எஸ். ஆர். இரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதை ஏற்றுக்கொண்டால், பயன்பாட்டில் தேய்ந்துபோன புத்தகத்தை இழப்பாக எழுதக்கூடாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பின்னர் வேறொரு பாடசாலையில் எனக்கு நூலகம் கிடைத்தபோது தரம் 1 பிள்ளைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினேன். ஒரு கார்த்திகை மாதத்து மழை நாளில், ஒரு பையன் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு வந்த சொப்பிங் பையை என் மேசையில் வைத்தான். உள்ளே இருந்த யானைக்கதைப் புத்தகத்தின் ஒரு தாள் நெடுக்காகக் கிழிந்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்டிருந்தது. தம்பி இழுத்துக் கிழித்துவிட்டான் என்றும், அம்மம்மா ஒட்டித் தந்தவ என்றும் சொன்னான். ஒட்டிய இடத்தில் பருக்கை காய்ந்து கட்டியாக இருந்தாலும் யானையின் துதிக்கை அச்சுப் பிசகாமல் பொருந்தியிருந்தது. கண் மங்கிய ஒரு மூதாட்டி விளக்கடியில் அதை எவ்வளவு நேரம் பொருத்தியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தப் பையனிடம் தண்டப்பணம் கேட்டிருந்தால், அந்த வீடு மறுபடி ஒரு புத்தகத்தைத் தொட்டிருக்காது. கையில் பணம் குறைந்த வீடுகளில் தாய்மாரே, “வேண்டாம், கொண்டுவராதே” என்று பிள்ளையிடம் சொல்லிவிடுவார்கள். ஆகவே, தரம் 1, 2 பிள்ளைகளிடம் தண்டம் வாங்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே எடுக்கட்டும். ஒரே புத்தகத்தை மூன்று கிழமை தொடர்ந்து எடுத்தாலும் தடுக்காதீர்கள். மூன்றாம் கிழமையில் பெரும்பாலும் அவள் உங்களுக்கு அதைச் சொல்லிக் காட்டுவாள், தாளையும் சரியான இடத்தில் புரட்டுவாள். தனியாக வாசிக்கத் தொடங்கிய பிறகு, ஒரு பக்கத்தில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்வதும், ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம் என்று கொள்வதும் பல ஆசிரியர்கள் கையாளும் முறை. தமிழ்ச் சிறுவர் நூல்களில் ஒரு பக்கத்துக்குச் சொற்கள் குறைவு, ஒவ்வொரு சொல்லும் நீளம். அதனால் நான் மூன்று விரலுடன் நிறுத்திக்கொள்வேன்.

பாடசாலை மறுக்கும் நிலையில், முதலில் வகுப்பாசிரியையிடம் பேசுங்கள். நூலக விதியை மாற்ற அதிபரின் அனுமதி வேண்டியிருக்கலாம். ஆனால் வகுப்பறையின் மூலையில் ஒரு பெட்டியில் 30 புத்தகங்களை வைத்து, வெள்ளிக்கிழமை கொடுத்துத் திங்கட்கிழமை திரும்ப வாங்குவதற்கு ஓர் ஆசிரியையின் மனம் இணங்கினால் போதும். பெற்றோர் சிலர் சேர்ந்து கேட்டால் இன்னும் எளிது. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது பாடசாலைகள் நூலகத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கும் என்பதும் உண்மைதான், எனினும் உங்கள் மகளுக்காக அதுவரை காத்திருக்க வேண்டாம். நகரப் பொது நூலகத்தில் சிறுவருக்கான அங்கத்துவ விதிகளை இந்தக் கிழமையே விசாரியுங்கள்.

வீட்டில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்து, நூலகப் புத்தகத்துக்கென்று ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகம் திரும்ப அந்தப் பைக்குள் போகட்டும். மாரி மழை தொடங்கிவிட்டால், பாடசாலைக்குக் கொண்டுபோகும்போது அதற்குள் ஒரு பொலித்தீன் உறையையும் மறக்காமல் வைத்துவிடுங்கள்.