நத்தை செத்த தொட்டியில் பவளத்துக்கு மருந்து போடாதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். வியாசர்பாடியில் மாடி வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒன்றரை ஆண்டாகக் குறையில்லை. ஒரு ஜோடி கிளவுன் மீன், லெதர் கோரல் என்ற தோல் போன்ற மென்பவளம் ஒன்று, இரண்டு கல் நிறைய ஜோவாந்தஸ் என்ற பொத்தான் போன்ற பவளம். ஒரு மாதமாக லெதர் கோரல் விரியவில்லை. ஓரம் வெளுத்துக் கரைகிறது. ஜோவாந்தஸ் மூடியே கிடக்கிறது. டர்போ நத்தை இரண்டு செத்துவிட்டன, கிளீனர் இறாலைக் காணவில்லை. மீன்கள் மட்டும் நன்றாகத் தின்கின்றன. உப்படர்த்தி 1.025, வெப்பம் 27 டிகிரி, நைட்ரேட் 10. தண்ணீர் எப்போதும்போல வீட்டு ஆர்.ஓ.தான், சித்திரையில் மெஷினை மட்டும் புதிதாக மாற்றினோம். கடைக்காரர் பாக்டீரியா நோய் என்று சொல்லி ஆன்டிபயாடிக் பொடி கொடுத்திருக்கிறார். எத்தனை நாள் போட வேண்டும்? காசிமேட்டிலிருந்து கடல் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினால் பிழைக்குமா? நான்கு வயது மகள் தினமும் கேட்கிறாள். பதில் சொல்ல முடியவில்லை.

பதில்: தம்பி, அந்தப் பொடியைப் பிரிக்காதீர்கள். தொட்டியில் ஆன்டிபயாடிக் போட்டால், மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து அழியும். இப்போது நன்றாக இருக்கும் மீன்களையும் இழப்பீர்கள்.

பவளத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு விடை கிடைத்தது நத்தையில். நத்தை சாகிறது, இறால் காணாமல் போகிறது, பவளம் சுருங்கி வெளுக்கிறது, மீன் மட்டும் தெம்பாகத் தின்கிறது. பவளத்துக்கு வரும் பாக்டீரியா நோய் நத்தையையும் இறாலையும் சேர்த்துக் கொல்லாது. மீனைப் பாதிக்காத சிறிய அளவிலேயே முதுகெலும்பில்லாத உயிர்களைத் தேடிப்பிடித்துக் கொல்வது செம்பு. ஆகவே நீங்கள் கேட்டிருக்க வேண்டியது எந்த மருந்து என்பதல்ல, சித்திரையில் வாங்கிய மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்பது.

மெஷினின் முன்பக்கத்தில் ‘காப்பர்’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இப்போது விற்கும் வீட்டு மெஷின்களில் பலவற்றில், சுத்திகரித்த நீரில் கடைசியாகச் செம்பைக் கலக்க ஒரு கார்ட்ரிட்ஜ் வைக்கிறார்கள். மனிதனுக்கு அதனால் கேடில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. திறந்த கடலில் இருப்பதோ லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கும் குறைவு. அந்தக் கடலில் பிறந்த உயிரை நம் சொம்புத் தண்ணீரில் விட்டால் என்ன ஆகும்?

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்விசிறி வைத்துக் குளிரவைக்கும் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆவியாவது நீர் மட்டும்; செம்பு உள்ளேயே தங்கிவிடும். அதே மெஷின் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால், இரண்டு மாதத்தில் 180 லிட்டர் தண்ணீரின் செம்பைத் தொட்டியில் சேர்த்திருப்பீர்கள். ஏறக்குறைய தொட்டி முழுவதையும் அதே தண்ணீரால் நிரப்பியதற்குச் சமம். பவளம் ஒரே நாளில் சாகாமல் மாதக்கணக்கில் மெலிவது இதனால்தான்.

கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது இது ஒன்றைத்தான்: சமையலறை ஆர்.ஓ. குடிப்பதற்கான மெஷின், தொட்டிக்கானது அல்ல. காப்பர் கார்ட்ரிட்ஜ் இல்லாவிட்டாலும், ருசிக்காகச் சுத்திகரிக்காத நீரைக் கொஞ்சம் கலந்துவிட ஒரு டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) வால்வு வைத்திருப்பார்கள். வடசென்னையில் ஒரு நாள் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைத் தண்ணீர், மறுநாள் ஏரித் தண்ணீர், கோடையில் லாரி, அதுவும் வராதபோது உவர்ப்பேறிய போர்வெல். வால்வு வழியே இவற்றில் எது உள்ளே போகிறதென்று யாருக்கும் தெரியாது. ஐந்தாயிரம் ரூபாய்க்கு விளக்கு வாங்குகிறவர்கள், ஆர்.ஓ. நீரில் மிச்சமிருக்கும் உப்பையும் உலோகத்தையும் பிடித்துவைக்கும் ஒரு டி.ஐ. ரெசின் கார்ட்ரிட்ஜ் வாங்கத் தயங்குவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைச் சுத்தமானது என்று நம்பிப் பிடித்து ஊற்றுபவர்களும் உண்டு. அது செம்புக் குழாய்ச் சுருளில் வழிந்து வரும் நீர். தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

மெஷினில் காப்பர் இருந்தால் அந்தத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். சர்வீஸ் ஆளை வரவழைத்து, நீரை வடிகட்டும் சவ்வான மெம்பரேனை விட்டு நீர் வெளியே வரும் இடத்திலேயே, காப்பர் கார்ட்ரிட்ஜுக்கும் வால்வுக்கும் முன்னால், தனிக் குழாய் ஒன்று பிரிக்கச் சொல்லுங்கள். அதன் முனையில் டி.ஐ. ரெசினை மாட்டுங்கள். அதிலிருந்து வரும் நீரில் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். 2 காட்டத் தொடங்கினால் ரெசினை மாற்றிவிடுங்கள். அதுவரை கேன் தண்ணீரில் டி.டி.எஸ். மிகக் குறைந்ததைப் பார்த்துப் பயன்படுத்தலாம். அந்த நீரில் செயற்கைக் கடலுப்பைக் கலந்து, உப்பும் வெப்பமும் தொட்டியோடு ஒத்துப்போகும்படி பார்த்து, நான்கு நாளுக்கு ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு மாற்றுங்கள். நல்ல ஆக்டிவேட்டட் கார்பனோடு, செம்பைப் பிடிக்கும் ரெசின் பையையும் நீரோட்டம் பாயும் இடத்தில் வையுங்கள். கல்லும் மணலும் செம்பை வாங்கி வைத்திருந்து மெல்ல விடும் என்பதால், தெளிந்துவிட்டதென்று ஒரு வாரத்தில் பையை எடுத்துவிடாதீர்கள். சாதாரணச் செம்புச் சோதனைக் கிட்டில் நிறம் வராவிட்டால் நிம்மதி அடையவும் வேண்டாம். பவளத்தைக் கொல்லும் அளவு அதன் கண்ணுக்கே தெரியாது.

லெதர் கோரல் சில நாள் மூடிக்கொண்டு, பளபளப்பான தோலை உரிப்பது இயல்பு. ஓரம் கரைந்து நாறுவது அப்படியல்ல. கரைந்த பகுதியை, நல்ல சதை கொஞ்சம் சேர்ந்து வரும்படி, புதிய பிளேடால் தொட்டிக்கு வெளியே வெட்டி எடுங்கள். வேறொரு பாத்திரத்துக் கடல்நீரில் அலசிவிட்டு உள்ளே வையுங்கள். மிச்சத்தில் உயிர் இருந்தால் வளர்ந்து வரும்.

காசிமேட்டுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். துறைமுகத்து டீசலை விடுங்கள். படகின் அடியில் கொட்டலசு ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்டுகளில் முக்கியச் சரக்கே செம்புதான். எந்த விஷத்திலிருந்து தப்பப் பார்க்கிறீர்களோ அதையே குடத்தில் பிடித்து வருவீர்கள். எண்ணூர்ப் பக்கமும் போகாதீர்கள். 2023 டிசம்பரில் அந்தக் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை மறந்துவிட வேண்டாம்.

கடைக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொளத்தூரில் நன்னீர் வண்ணமீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்ப்பதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் நோய்க்குப் பெயர் சூட்டிப் பொடி விற்பவரிடம் இனிப் போகாதீர்கள். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கும் மருந்து பலவற்றில் செம்பு உண்டு என்பதால், கடையிலிருந்து மீன் வந்த பைத் தண்ணீரையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. செத்ததற்கு ஈடாக, சுண்ணாம்புக் கல்லாக வளரும் கல் பவளம் தருகிறேன் என்று யாராவது மறைவாகக் காட்டினால் மறுத்துவிடுங்கள். உங்களிடம் உள்ள இரண்டும் கல் கட்டாத வகை. கல் கட்டும் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. அவற்றை வாங்குவதும் குற்றம், விற்பதும் குற்றம்.

ஜோவாந்தஸ் செத்துப்போனால் கல்லைச் சுத்தம் செய்ய வெந்நீர் ஊற்றவோ, வேகவைக்கவோ, பிரஷ் போட்டுத் தேய்க்கவோ கூடாது. அதில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். ஆவியோடு கிளம்பினால் ஒரு வீட்டையே ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கல்லைத் தண்ணீருக்குள்ளேயே பையில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த நேரத்தில் மகள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.