அட்மின் வேலைக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு, ஒரு தனியார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் அன்றாட வேலை முழுவதும், வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருளில்தான் நடக்கிறது. அதன் அட்மினாக (நிர்வாகியாக) மாற விரும்பி ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தபோது, முதலில் ஆறு மாதம் ஜாவா படித்துவிட்டு வரச் சொன்னார்கள். நிரல் எழுதத் தெரியாதவர் அட்மின் ஆகவே முடியாதா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக ஆகலாம். ஜாவாவுக்காக ஆறு மாதத்தையும் பணத்தையும் இப்போது செலவிட வேண்டாம்.

யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி வகுப்பது, பதிவில் விவரம் நிரப்பும் இடங்களான புலங்களைப் புதிதாகச் சேர்ப்பது, அறிக்கைகள் தயாரிப்பது, எக்செல் கோப்புகளில் வரும் விவரங்களைச் சரிபார்த்து ஏற்றுவது ஆகியவற்றிலேயே ஓர் அட்மினின் வேலைநாளில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. இவை யாவும் திரையில் தேர்ந்தெடுத்துச் செய்யும் வேலைகள். அட்மின் சான்றிதழ்த் தேர்விலும் உங்களை ஒரு வரி நிரல்கூட எழுதச் சொல்ல மாட்டார்கள். இந்த வேலைகளில் நேரும் தவறுகளும் பெரும்பாலும் நிரல் அறியாமையால் வருபவை அல்ல. சேல்ஸ்ஃபோர்ஸ் அறிக்கையில் ஒவ்வொரு பதிவுக்கும் 15 எழுத்து அடையாள எண் ஒன்று வரும். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறானவை. ஒரு பட்டியலில் தேடி விவரத்தை எடுத்துத் தரும் எக்செலின் விலுக்கப் வாய்பாடு அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை என்பதால், ஒருவருடைய விவரம் இன்னொருவர் பதிவில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் 18 எழுத்து அடையாள எண் இருக்கிறது. இதை அறியாத நல்ல நிரலாளரும் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்.

இனி, மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வேலைகளைத் தானாக நடக்கச் செய்ய முன்பு இருந்த வொர்க்ஃப்ளோ ரூல், பிராசஸ் பில்டர் ஆகிய இரண்டுக்கும் 2025 டிசம்பர் 31 உடன் ஆதரவு முடிந்துவிட்டது. இப்போது எல்லாம் ஃப்ளோ என்ற கருவியில்தான். ஃப்ளோவில் கட்டங்களை இழுத்து வைத்து இணைக்கிறோமே தவிர, அங்கே மாறி (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்), நிபந்தனை, லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்று நிரலாக்கத்தின் கூறுகள் அனைத்தும் இருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் முகவரி மாறினால் அதன் கீழுள்ள தொடர்பாளர்கள் அனைவரின் முகவரியும் மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் பலரும் லூப்புக்குள்ளேயே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் புதுப்பிக்கும்படி அமைப்பார்கள். பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் அது நன்றாகவே ஓடும். இருநூறு பேர் உள்ள நிறுவனம் ஒன்று வந்த அன்று, ஒரே பரிவர்த்தனையில் 150 முறைக்கு மேல் எழுதக் கூடாது என்ற வரம்பில் மோதி நின்றுவிடும். அதுவரை மாறியவையும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். லூப்புக்குள் மாற்றங்களை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே வந்து, வெளியே வந்தபின் ஒரே முறை எழுத வேண்டும் என்று எண்ணிப் பார்க்கத் தெரிவது நிரலாளரின் சிந்தனைதான். அது உங்களுக்கு வந்தே தீர வேண்டும். ஆனால் அதைக் கற்க ஜாவா வகுப்பு தேவையில்லை.

எழுதத் தெரியாவிட்டாலும், நிரலை ஓரளவு வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், தொலைபேசி எண் இல்லாமல் பதிவைச் சேமிக்க முடியாதபடி ஒரு விதியை ஒரு மாலை நேரத்தில் சேர்த்துவிட்டு வீடு திரும்பினேன். பயனர்கள் கேட்ட விதி, எழுதியதிலும் பிழையில்லை. ஆனால், அன்றிரவு வேறொரு மென்பொருளிலிருந்து வர வேண்டிய பதிவுகளில் அந்த எண் இல்லாததால் அவை மொத்தமாக நிராகரிக்கப்பட்டன. அந்த வாரத்திலேயே நிரலாளர்களின் வெளியீடும் நின்றது. சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழியான ஏபெக்ஸில் எழுதியதை நேரடிப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோக, சோதனை நிரல்கள் யாவும் தேற வேண்டும். அவை நிரலில் குறைந்தது 75 சதவீதத்தை இயக்கிப் பார்த்திருக்கவும் வேண்டும். அந்தச் சோதனைகள் எண் இல்லாத பதிவுகளை உருவாக்கியதால், என் விதியில் முட்டித் தோற்றுக்கொண்டிருந்தன. ஒரு பத்து நிமிடம் அந்த நிரலைப் புரட்டிப் பார்த்திருந்தால் நான் இதை முன்பே கண்டிருப்பேன். அந்த வருத்தம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆகவே, எக்செலில் நீங்கள் ஏற்கெனவே எழுதும் இஃப், ஆண்ட் போன்ற வாய்பாடுகளிலிருந்து தொடங்குங்கள். சேல்ஸ்ஃபோர்ஸின் வாய்பாட்டுப் புலங்கள் ஏறத்தாழ அதே இலக்கணம்தான். சேல்ஸ்ஃபோர்ஸின் பயிற்சித் தளமான டிரெயில்ஹெட்டின் பாடங்களும், சொந்தமாகப் பழகிப் பார்க்க டெவலப்பர் எடிஷனும் இலவசம். ஒரு புகார் ஏன் இரண்டு முறை திறக்கப்படுகிறது, எந்தப் புலத்தை யாரும் நிரப்புவதே இல்லை என்பதெல்லாம் ஐந்தாண்டு அனுபவத்தில் உங்களுக்குத் தெரியும். அதை எந்தப் பயிற்சி மையமும் கற்றுத்தர முடியாது.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக அட்மினாக இருக்கிறேன். ஏபெக்ஸ் ட்ரிகரும் (பதிவு மாறும்போது தானாக ஓடும் நிரல்) நானே எழுத வேண்டும் என்கிறார் மேலாளர். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: விருப்பமிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் பராமரிக்கப் போவது யார் என்பதை முதலில் கேளுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் பழுதானால் திருத்த இன்னொருவர் இல்லையென்றால், ஃப்ளோவில் முடியும் வேலைக்கு ட்ரிகர் வேண்டாம். ஒரே வகைப் பதிவின் மீது இரண்டும் இருந்தால் வரிசையையும் கவனிக்க வேண்டும். சேமிப்பதற்கு முன் ஓடும் ஃப்ளோ, சேமிப்பதற்கு முன் ஓடும் ட்ரிகருக்கும் முந்தியது. எனவே, இரண்டும் ஒரே புலத்தை மாற்றினால் ஃப்ளோ எழுதியதை ட்ரிகர் அழித்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஏபெக்ஸை நேரடிப் பயன்பாட்டுத் தளத்திலேயே எழுதவும் முடியாது. ஆகவே மேலாளரிடம் சம்மதம் சொல்வதற்கு முன், சோதித்துப் பார்க்கத் தனி நகல் தளமான சாண்ட்பாக்ஸும், நீங்கள் எழுதியதைப் படித்துப் பார்க்க அனுபவமுள்ள ஒரு நிரலாளரின் நேரமும் கிடைக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.